பேர் போடாத ஊற்றுப் புத்தகம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவன் நான். வடக்கனந்தலில் நாலு ஆள் வைத்து, கையாலேயே துளை இறக்கும் கைப்போர் போட்டேன். பிறகு சொந்தமாகப் போர்வெல் வண்டி வாங்கினேன். வண்டி ஏறாது என்று எல்லோரும் சொன்ன கரியாலூர் மேட்டில் கல்லைக் கொட்டிப் பாதை போட்டு ஏற்றினேன். மாடி வீடு கட்டினேன். கல்வராயன் மலை ஊற்றுகளைப் பற்றி ஒரு புத்தகமும் உண்டாக்கினேன். இதில் புத்தகத்தை மட்டும் வெளியூரில் யாரும் நம்புவதில்லை.

அட்டையில் இருப்பது ஒரு வாத்தியார் பெயர். கள்ளக்குறிச்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த ஊற்று சித்திரையில் வற்றும், எது வற்றாது, எந்தப் பாறைக்கடியில் தண்ணீர் ஓடுகிறது என்று இரண்டு வருஷம் நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அச்சுக்குப் போகும்போது, "உங்க பேரையும் போட்டுடலாங்க" என்றார். நான்தான் பெருமையாக, "இந்தப் பக்கம் என்னைத் தெரியாதவன் எவன் சார் இருக்கான்? போர்வெல்காரர்னு போடுங்க, போதும்" என்று சொல்லிவிட்டேன். அப்படியே போட்டார்.

போன மாதம், பழைய புத்தகங்களைப் படமெடுத்து நெட்டில் ஏற்றுகிற ஒரு பெண் வாத்தியார் வீட்டுக்கு வந்தார். ஒரு சொல்லைப் போட்டுத் தேடினால் அது இருக்கிற பக்கமே வந்து நிற்குமாம். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

வாத்தியார் பிடிகொடுக்கவில்லை. "முழுசா எவன் படிப்பான்? ஒரு வரிய உருவிக்கினு போயிடுவான்" என்றார்.

"உருவட்டுமே சார்! மீதி இருக்கிற நாலு காப்பியையும் கரையான் தின்னுக்கினு இருக்குது. மெட்ராஸ்ல ஒருத்தன் பார்த்தா நமக்கு இன்னா கொறஞ்சிடும்?" என்று மல்லுக்கு நின்றேன்.

அந்தப் பெண் காட்டுவதற்காக எங்கள் புத்தகத்தில் பத்துப் பக்கத்தை லேப்டாப்பில் வைத்திருந்தார். 'வற்றாத ஊற்று' என்று அடித்தார். நான் பாறையில் காதை வைத்துக் கண்டுபிடித்த ஊற்று. நான் சொன்ன அதே வாக்கியம். மேலே வாத்தியார் பெயர்.

"என் பேரைப் போட்டுப் பாரும்மா."

அடித்தார். ஒன்றும் வரவில்லை.

"போர்வெல்காரர்னு போட்டா வருதுங்க ஐயா. ஆனா அது யாருன்னு வெளிய இருக்கிறவங்களுக்குத் தெரியாதே."

வாத்தியார் தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கையெழுத்து எங்க போடணும்மா?" என்றார்.

"வேணாம் சார், நிறுத்துங்க!"

"இப்பதான கரையான் தின்னுதுன்னு கத்தினீங்க?" என்று வாத்தியார் சிரித்தார்.

வேண்டாம் என்றால் ஊற்றெல்லாம் கரையானோடு போகும். சரி என்றால் நான் இல்லாமலே அவை உலகம் பூராவும் போகும். வேண்டாம் என்று சொல்வதற்கும் எழுதியவராக இருக்க வேண்டுமாம். அந்தப் பெண் கொண்டுவந்த அனுமதித் தாளில் எனக்குக் கட்டமே இல்லை. எழுந்து போகவும் மனசு வரவில்லை, அவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முழுப் புத்தகத்தையும் படமெடுக்க அடுத்த வாரம் அந்தப் பெண் வருகிறார். அதற்குள், புத்தகத்தை நெட்டில் ஏற்றுகிறவர்களுக்கு இதை எழுதிக் கொடுக்கிறேன். வாத்தியார் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. அவர் எழுதாமல் இருந்தால் நான் சொன்னது காற்றோடு போயிருக்கும். ஆனால் அவர் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், 'சொன்னவர்' என்று என் முழுப்பெயரையும் என் அப்பா பெயரோடு சேர்த்துப் போட வேண்டும். பின்பக்கத்து நன்றியில் எனக்கு இடம் வேண்டாம். தேடுகிறவன் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் போடுங்கள்.