மழை மாதங்களில் எங்கள் அணி

களுபோவில ஆஸ்பத்திரியில் முழங்கால் பயிற்சிக்காகக் காத்திருக்கும் வாங்கில், போன வாரம் என் பக்கத்தில் இரண்டு பொடியன்கள் இருந்தார்கள். ஒருவனுக்குக் கணுக்காலில் கட்டு. மற்றவன் கையில் போன். ஏதோ ஒரு கிரிக்கெட் அணி அடுத்த சீசனுக்கு யாரை வைத்துக்கொள்கிறது, யாரை விடுகிறது என்ற செய்தி அப்போதுதான் வந்திருக்கவேண்டும். "அவனைப்போய் விட்டிட்டாங்கள் மச்சான், விசரங்கள்," என்றான் கட்டுப் போட்டவன். மற்றவன் சாப்பாடு இறங்காதவனைப்போல முகத்தை வைத்துக்கொண்டு திரையையே பார்த்தான். உள்ளே யாருக்கோ தைலம் தேய்த்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் அந்தக் காரமான வாசம் வெளியே வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த முகத்தை எனக்குத் தெரியும். ஒருகாலத்தில் மே மாதந்தோறும் நான் அந்த முகத்தோடுதான் கந்தோருக்குப் போய்வந்தேன்.

நான் விளையாடியவள் அல்ல. என் முழங்காலைக் கண்டு யாரும் தவறாக நினைத்துவிடக்கூடாது. அது வெள்ளவத்தை அடுக்குமாடியில் லிஃப்ட் பழுதான வாரங்களில் சம்பாதித்தது. நான் பார்வையாளர். கோட்டையில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். எங்கள் கம்பனிக்கு ஒரு பெண்கள் வலைப்பந்தாட்ட அணி இருந்தது. வர்த்தக நிறுவனங்களுக்கிடையிலான போட்டிகளுக்கு அது போகும். அதன் பின்னால் நானும் போவேன். கையில் குடை, பையில் எலுமிச்சம்பழச் சாறு, தோளில் ஏழு பேருடைய கைப்பைகள். ஆட்டத்துக்கு முன் உடை மாற்றும் அறையில் அந்தத் தைல வாசம்தான் அடிக்கும். இன்றும் அதை முகர்ந்தால் எனக்கு நோவு ஞாபகம் வருவதில்லை, விசில் சத்தம்தான் ஞாபகம் வருகிறது.

மே மழையோடு சீசன் முடியும். மற்றக் கம்பனி அணிகளின் ரசிகர்களுக்கு அது ஓய்வு. எங்களுக்கு அப்போதுதான் கவலை தொடங்கும். ஏனென்றால் எங்கள் அணியில் பாதிப்பேர் கல்யாண வயதுத் தமிழ்ப் பெண்கள். மற்ற அணிகள் ஆட்களை எதிரணியிடம் பறிகொடுத்தன. நாங்கள் கனடாவிடம் பறிகொடுத்தோம். யார் அடுத்த வருடம் ஆடுவாள் என்பதை விளையாட்டுக் குழு தீர்மானிக்கவில்லை. வெள்ளவத்தையில் சாதகம் பார்த்த ஒரு சாத்திரியார்தான் தீர்மானித்தார். ஒரு வருடம் நடுவில் ஆடும் எங்கள் சென்டரின் சாதகம் சுவிற்சர்லாந்துக்குப் பொருந்தியது. அடுத்த வருடம் விங் டிபென்ஸ் கனடாவில் ஸ்காபரோவுக்குப் போனாள். கல்யாண வீட்டில் எல்லோரும் அட்சதை போட, நான் ஒரு மூலையில் நின்று அவளுடைய இடத்துக்கு யாரைப் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அட்சதை போட்டேன்தான். கொஞ்சம் பலமாகப் போட்டிருப்பேன்.

ஒருத்தியைப் பற்றி மட்டும் எனக்குப் பயம் இருக்கவில்லை. எங்கள் கோல் சூட்டர் மலர். ஐந்தடி பதினொரு அங்குலம். அந்த உயரத்துக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். நாலு சம்பந்தம் உயரத்திலேயே முறிந்ததும் எனக்குத் தெரியும். ரசிகையாக நான் அதில் அடைந்த நிம்மதியை இப்போது நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் அவள் பந்தை விடுவதைப் பார்த்திருக்கவேண்டும். மணிக்கட்டு ஒரு சின்ன மடிப்பு மடியும், பந்து அவசரமே இல்லாமல் மேலே போய், வளையத்துக்குள் தானாக இறங்கும். அவளால்தான் நாங்கள் முதல் பிரிவுக்கு ஏறியிருந்தோம்.

மலர் வடக்கில் வடமராட்சிப் பிள்ளை. தாயோடு கொட்டாஞ்சேனையில் ஒரு மாடியறையில் இருந்தாள். அது யுத்த காலம். வடக்கிலிருந்து வந்தவர்கள் பொலிசில் பதியவேண்டும். எதற்காகக் கொழும்பில் நிற்கிறீர்கள் என்று கேட்டால் காரணம் சொல்லவேண்டும். அவளுக்கிருந்த ஒரே காரணம் இந்த வேலை. அதுவும் விளையாட்டுக்கென்று கம்பனி வைத்திருந்த ஒரேயொரு தற்காலிக இடம். நிரந்தர ஊழியர்களான எங்களுக்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை உண்டு. அவளிடம் மடித்து மடித்துக் கிழிந்த ஒரு கடிதம். பயிற்சி முடிந்து கொச்சிக்கடையில் பஸ்ஸை நிறுத்திச் சோதிக்கும்போதெல்லாம் அந்தக் கடிதத்தைத்தான் நீட்டுவாள். "அடுத்த மாதமும் இந்த வேலை இருக்குமா" என்று ஒருமுறை சோதித்தவர் கேட்டாராம். அதை எங்களிடம் பகிடியாகத்தான் சொன்னாள். நாங்களும் சிரித்தோம்.

அந்த வருட மழையில் இரண்டு காரியங்கள் ஒரே வாரத்தில் வந்தன.

முதலாவது, பிஸ்கட் கம்பனி ஒன்றின் சூட்டர், வேலை கொடுத்தால் எங்களிடம் வருவதாகச் சொல்லியனுப்பினாள். எங்கள் நலன்புரி மெனேஜர் பெரேரா சேருக்கு அது பெரிய ஆசை. ஆனால் இடம் ஒன்றுதான். போட்டிக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. பிறகு யாரையும் சேர்க்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. "உங்கள் பெண்கள் கல்யாணம் முடித்துப் போய்விடுகிறார்கள். மலர் நிற்பாளா, போவாளா? வெள்ளிக்கிழமை எனக்குத் தெரியவேண்டும்," என்றார் என்னிடம், சிங்களத்தில்.

இரண்டாவது, எங்கள் லேனில் இருந்த பரமேஸ் அன்ரி ஒரு பின்னேரம் என் வீட்டுக்கு வந்தார். நோர்வேயில் இருக்கும் தன் பெறாமகனுக்கு, தங்கச்சியின் மகனுக்கு, பெண் பார்க்கிறார். விசாரிக்க வந்திருக்கிறார்.

"மலர் எண்டொரு பிள்ளை உம்மட ஒபிசிலதானே? ஆள் எப்பிடி?"

"நல்ல சூட்டர் அன்ரி. பத்துக்கு எட்டு விழும்."

"நான் பிள்ளையைக் கேட்டனான்."

"பிள்ளையும் நல்ல பிள்ளைதான். ஆனா நல்ல உயரம்," என்றேன். அந்த 'ஆனா'வை ரசிகைதான் சொன்னாள்.

"அதுக்கென்ன. எங்கட பொடியன் ஆறடி ஒண்டு."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். ஆறடி ஒன்று. உலகத்தில் அப்படி ஒரு மாப்பிள்ளை இருக்கக்கூடும் என்று நான் யோசித்ததே இல்லை.

"பிள்ளையையும் தாயையும் வியாழக்கிழமை பம்பலப்பிட்டிக் கோயிலுக்கு வரச் சொல்லியிருக்கு. ஒருக்காப் பாத்திட்டுச் சொல்லுவம்," என்று எழும்பினார்.

அடுத்த நாள் மதியம் மலர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் என் மேசைக்கு எதிரே இருந்தாள்.

"நான் என்னக்கா சொல்லுறது? போறன் எண்டு சேரிட்டைச் சொன்னால் அந்த பிஸ்கட் கம்பனிப் பிள்ளையை எடுப்பினம். பிறகு நோர்வேக்காரர் வேண்டாமெண்டால் எனக்கு வேலையும் இல்லை. பொலிசுக்கு என்ன சொல்லுறது?"

"நிக்கிறன் எண்டு சொல்லன்."

"சொல்லிப்போட்டு அவர் ஓமெண்டால்? சீசன் நடுவில விட்டிட்டுப் போறதே? உங்கட முகத்தில முழிக்கேலாது."

ரசிகைக்கு அந்தப் பதில் இனித்தது. அதற்குப் பிறகுதான், அவள் பெட்டியை மூடியபோது, கிழிந்த அந்தக் கடிதம் எனக்கு ஞாபகம் வந்தது. நான் கோல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் நிற்க ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

வியாழன் பின்னேரம் முழுக்க மழை. கோயிலில் என்ன நடக்கிறதோ என்று பால்கனிக்கும் அறைக்குமாக நடந்தேன். என் அம்மா, "உன்னையோ பொம்பிளை பாக்க வருகினம்?" என்று கேட்டார். விளக்கு வைத்த பிறகு பரமேஸ் அன்ரி நனைந்த சேலையோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"சரி வராது பிள்ளை."

"ஏன் அன்ரி? வடிவில்லையோ?"

"வடிவுக்கென்ன, அம்மன் மாதிரி நிண்டது. ஆனா வெறுங்காலோட நிண்டும் எனக்குக் கழுத்து நொந்துது. இப்பத்தான் வாற வழியில போன் கடையில நிண்டு பொடியனோட கதைச்சனான். அவர் சப்பாத்தோடதான் ஆறடி ஒண்டாம். அதுவும் பனிச் சப்பாத்து." சேலைத் தலைப்பைப் பிழிந்தார். "தாயிட்டைச் சொல்ல எனக்கு வெக்கமாக் கிடக்கு. நீரே பிள்ளையிட்டைச் சொல்லிவிடும்."

அணி தப்பிவிட்டது. எனக்குச் சந்தோசம் வந்திருக்கவேண்டும். அன்றிரவு எனக்குச் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

வெள்ளி காலை மலர் வருவதற்காக மாடிப்படியில் காத்து நின்றேன். நடந்ததைச் சொன்னேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள்.

"நோர்வேயில கோயில் இல்லாததால தப்பியிருக்கிறார். சப்பாத்தைக் கழட்டத் தேவையில்லை."

"மலர்..."

"மீற்றிங் எத்தினை மணிக்கு அக்கா?"

"பத்துக்கு."

"அதுவரைக்கும் நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ," என்றாள். சிரிப்பு போய்விட்டிருந்தது.

கூட்டக் குறிப்பு எடுப்பது நான்தான். கையெழுத்து ஒழுங்காக இருப்பதால் வந்த வேலை. அன்று இன்னொரு வேலையும் சேர்ந்தது. மலருக்கு அப்போது சிங்களம் ஓடாது. பெரேரா சேருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் நான் சொல்லவேண்டும். நீண்ட மேசை, ஐந்து பேர், மின்விசிறி, யன்னலில் மழை. மலரைக் கூப்பிட்டார்கள். கதவு நிலைக்குத் தலை குனிந்து உள்ளே வந்தாள்.

"நிற்கிறீரா, போகிறீரா?" என்றார் சேர்.

"நிக்கிறதுக்கு விருப்பம். ஆனா இப்பிடி நிக்கேலாது. என்னை நிரந்தரமாக்கவேணும்."

சொன்னேன். விளையாட வந்தவர்களை நிரந்தரமாக்கும் வழக்கம் எங்கள் கம்பனியில் இருக்கவில்லை.

"மாப்பிள்ளை வீட்டில் பேசினார்கள் என்று கேள்விப்பட்டேனே?"

"ஓம். நேற்றுக் கோயிலில வந்து பாத்தவை."

அதையும் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. அப்படியிருந்தும் எனக்கு வியர்த்தது.

பெரேரா சேர் பேனையை மேசையில் தட்டியபடி என் பக்கம் திரும்பினார். "மிஸ், சம்பந்தம் பேசும் மனிசி உங்கள் லேன் என்று கந்தோரில் சொல்கிறார்கள். என்ன முடிவாம்?"

மலர் என்னைப் பார்க்கவில்லை. யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாழ்நாள் முழுக்கச் சரியாகச் சொல்வதையே பெருமையாக வைத்திருந்தவள் நான்.

"சேர், எங்கள் ஆட்களில் சம்பந்த விசயத்தைப் பெண் வீட்டார்தான் வெளியில் சொல்லவேண்டும். நான் சொல்வது மரியாதையில்லை," என்றேன். அது உண்மை. எங்கள் சனத்தின் நூறு வழக்கங்களில் எனக்கு அன்று உதவிய ஒன்று அதுதான்.

அவர் மீண்டும் மலரிடம் திரும்பினார். "நிரந்தரமாக்கிய பிறகு அடுத்த வருடம் கல்யாணம் என்று போனால்?"

"போறதெண்டால் எனக்கு ஏன் சேர் நிரந்தரம்? நிக்கிறவளுக்குத்தானே அது வேணும்."

மொழிபெயர்த்தபோது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. கணக்குப் பிரிவின் பெரியவர் முதலில் சிரித்தார். சேர் சிரிக்கவில்லை. அவளை வெளியே இருக்கச் சொன்னார். அதற்குப் பிறகு பிஸ்கட் கம்பனிச் சூட்டரின் கோல்களைப் பற்றியும் மலரின் கோல்களைப் பற்றியும் அவர்கள் பேசியதை நான் எழுதினேன். பொலிஸ் பதிவைப் பற்றியோ கடிதத்தைப் பற்றியோ ஒருவரும் பேசவில்லை, அவர்களுக்குத் தெரியாது. பேச்சு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்ந்தது. கடைசியில் பெரேரா சேர் பெயர்களை வாசித்தார். கோல் சூட்டர் என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தித் தேநீர் குடித்தார். பிறகு, "மலர். நிரந்தரம்," என்றார்.

வெளியே வந்து சொன்னேன். அவள் வாங்கில் இருந்து எழும்பவில்லை. "அட்டை எப்ப தருவினம் அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தச் சீசனில் நாங்கள் வென்றது மூன்றே ஆட்டம். கீழே இறங்காமல் மயிரிழையில் தப்பினோம். ரசிகைக்கு அது போதும். மலர் சில வருடங்களின் பின் கொட்டாஞ்சேனையிலேயே கல்யாணம் செய்தாள். கணவர் அவள் காதளவு. கோயிலிலும் அவளுக்குப் பக்கத்தில் நிமிர்ந்துதான் நின்றார். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் ஆடினாள்.

இப்போது அந்தக் கம்பனி இல்லை. பெரிய கம்பனி ஒன்று அதை விழுங்கிவிட்டது. நாங்கள் ஆடிய மைதானத்தில் வாகனங்களை அடுக்கடுக்காக நிறுத்துகிறார்கள். பெண்ணொருத்திக்குப் பந்து போடத் தெரியும் என்பதற்காக நிரந்தர வேலை கொடுக்கும் கந்தோர் எதையும் நான் இப்போது கேள்விப்படுவதில்லை. எங்கள் லேனில் கல்யாண வயதுப் பெண்களே குறைவு. மே மாதத்தில் மழை வருகிறது, நான் யன்னலைச் சாத்துகிறேன், அவ்வளவுதான்.

எங்கள் சென்டரும் சுவிற்சர்லாந்திலிருந்து பிறகு கனடாவுக்கே போய்ச் சேர்ந்தாள். விங் டிபென்ஸ், கீப்பர், கல்யாணம் செய்து போன மற்றவர்கள் எல்லோரும் அங்கே ஒருவருக்கொருவர் கிட்டத்தில்தான் இருக்கிறார்கள். கோடையில் ஒரு பாடசாலை மண்டபத்தை எடுத்து ஆடுகிறார்களாம். போன மாதம் வீடியோ அனுப்பியிருந்தார்கள். கோல் சூட்டர் இடத்தில் ஒருத்தியின் மகள் நின்றாள். கொட்டாஞ்சேனைக்குப் போய் மலருக்குக் காட்டினேன். வீடியோவில் எங்கள் பழைய ஆட்கள் ஆறு பேரும் ஒவ்வொருவராகப் பந்தைக் கைமாற்றி அந்தப் பிள்ளையின் கையில் சேர்த்தார்கள். பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது.

மலர் போனைக் கையில் பிடித்தபடியே திரையை என் பக்கம் திருப்பினாள். "இன்னொருக்காப் போடுங்கோ அக்கா," என்றாள்.