மொட்டைக் கோபுரத்தடியில் ஒற்றைக் கையால் சேவித்தேன்

இந்தக் கோஷ்டியில் எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும், கேட்டதைப் பெருமாள் கொடுத்தார் என்று சொன்னீர்கள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அடியேனுக்கு அவர் கேட்டதைக் கொடுக்கவில்லை. நான் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அறுபத்தாறாம் வருஷம் ஆவணியில் எங்கள் ஒரே பிள்ளை சேஷுவுக்கு ஜுரம் வந்தது. ஆறு வயது. சாதாரண ஜுரம்தானே என்று முதலில் கஷாயம் கொடுத்தோம். பிறகு மூளைக் காய்ச்சல் என்றார்கள். திருச்சியில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, அவன் தலைமாட்டில் என் ஆத்துக்காரி கோமளத்தை உட்கார வைத்துவிட்டு நான் ஸ்ரீரங்கத்துக்கு ஓடினேன். பெரிய பெருமாள் முன்னால் நின்று கதறினேன். என்னை எடுத்துக்கொள்ளும், அவனை விட்டுவிடும் என்று கேட்டேன். தீர்த்தம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து அவன் வாயில் விட்டேன். அது கடைவாயில் வழிந்துவிட்டது. அன்று சாயங்காலம் பிள்ளை போய்விட்டான்.

நான் அழுதேன். ஊரே அழுதது. கோமளம் அழவில்லை.

அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. பேச்சும் நின்றுபோயிற்று. காலையில் எழுந்திருப்பாள், ஸ்நானம் செய்வாள், தளிகை பண்ணுவாள், எனக்குப் பரிமாறுவாள். தன் இலையில் ஒரு பிடி சாதத்தைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அவள் அம்மா வந்து மடியில் போட்டுக்கொண்டு ஒப்பாரி வைத்துப் பார்த்தாள். கோமளம் அதை வேடிக்கை பார்ப்பதுபோலப் பார்த்தாள். கார்த்திகைக்குள் வளையல் முழங்கை வரை ஏறுகிற அளவுக்கு இளைத்துவிட்டாள். பக்கத்தகத்து அலமேலு மாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவ அழுதுடணும்டா. இல்லேன்னா இவளையும் நீ பறிகொடுத்துடுவே" என்றாள். டாக்டரும் சுற்றி வளைத்து அதையேதான் சொன்னார்.

தீட்டுக் கழிந்த பிறகும் நான் கோயிலுக்குள் போகவில்லை. எனக்குக் கோபம். எங்கள் பரம்பரையே அந்தத் திருவடியில் கிடந்தது, ஒரு குழந்தையைக் கொடுக்க மனமில்லையா உமக்கு என்று கோபம். சைக்கிளையும் தொடவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

சேஷு இருந்தபோது தினமும் சாயங்காலம் அவனை சைக்கிள் பாரில் உட்கார வைத்து அம்மா மண்டபம் வரை போய்க் காவிரியைப் பார்த்துவிட்டு வருவோம். பிருஷ்டம் வலிக்கக் கூடாதென்று கோமளம் ஒரு பழைய துண்டை மடித்து பாரில் சுற்றித் தைத்திருந்தாள். திரும்பி வரும்போது கோயிலின் தெற்கு வாசலில் கட்டி முடிக்காமல் நிற்கிற மொட்டைக் கோபுரம் வந்ததும் நான் இறங்கிவிடுவேன். அந்த இடத்தில் வண்டியில் உட்கார்ந்தபடியே போகிற வழக்கம் எங்கள் அகத்தில் கிடையாது. செருப்பை விட்டுவிட்டுச் சேவித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆனால் பிள்ளையை இறக்க முடியாது, இறக்கினால் ஓடிவிடுவான். அதனால் வண்டியை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, இடது கையால் அவனை அணைத்துக்கொண்டு, வலது கையை மட்டும் தலைக்கு மேல் தூக்குவேன். அவன் இரண்டு கையையும் தூக்கி "ரங்கா" என்று ஒரு கத்து கத்துவான். பூக்காரிகள் சிரிப்பார்கள்.

அவன் போன பிறகு சைக்கிள் கூடத்து மூலையில் நின்றது. நான் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. பஸ்ஸில் போனேன், பஸ்ஸில் வந்தேன். மொட்டைக் கோபுரம் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

மார்கழியில் ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கி அந்தக் கோபுரத்தடியிலேயே நின்றுவிட்டேன். கோபுரத்தைப் பார்க்காமலே, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். உள்ளே வரமாட்டேன், உம்மைச் சேவிக்கவும் மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அவளை அழ வையும். எல்லோரும் கண்ணீரைத் துடைக்கச் சொல்லிக் கேட்பார்கள். நான் கண்ணீரைக் கேட்டேன். என்ன மாதிரிப் பிரார்த்தனை பாருங்கள்.

அந்த மாசியில் எங்கள் தொழிற்சாலை விளையாட்டு விழாவில் புதிதாக ஒரு சைக்கிள் போட்டி வைத்தார்கள். பாலக்கரையில் புறப்பட்டு, ஸ்ரீரங்கம் மொட்டைக் கோபுரத்தடியில் சுண்ணாம்பு வட்டத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பிவர வேண்டும். எல்லோரும் சேர்ந்து ஓட்டுவது இல்லை. ஒவ்வொருவராக அனுப்புவார்கள், போய் வந்த நேரத்தைக் கணக்கெடுப்பார்கள். எங்களுக்கு அது விளங்கவே இல்லை. பக்கத்தில் ஆள் இல்லாமல் யாரோடு போட்டி போடுவது என்று கேன்டீனில் ஒரே சிரிப்பு.

என்னோடு ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவர் தென்னூர் ஜமால் பாய். என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பிள்ளை போன வீட்டில் பந்தயம் ஒரு கேடா என்று கத்தினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"சாமி, வீட்டுல ரெண்டு பேரும் அசையாம உக்காந்திருந்தா எப்படிங்க? ஒருத்தராவது கொஞ்சம் அசைங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டார். கனம் குறைய வேண்டும் என்று கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு, செயின் கவர் எல்லாவற்றையும் கழற்றினார். பாரில் இருந்த துண்டு வந்ததும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவர் அதைத் தொடவில்லை. கோமளம் உள்ளே நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள், கல் மாதிரி.

போட்டியன்று விடிந்ததும் பாலக்கரையில் என்னைத் தள்ளிவிட்டார்கள். நான் பந்தயம் ஓட்டினவன் இல்லை. கோபத்தில் மிதித்தேன். மெயின்கார்டு கேட் தாண்டுவதற்குள் மூச்சு முட்டியது. சத்திரம், சிந்தாமணி, காவிரிப் பாலம். பாலத்தில் எதிர்க்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை. நல்ல போட்டி! மாம்பழச்சாலை தாண்டி அம்மா மண்டபம் சாலையில் திரும்பினதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தலையில் ஒன்றும் ஓடவில்லை. கால் மட்டும் ஓடியது.

மொட்டைக் கோபுரம் வந்தது. நான் இறங்கிவிட்டேன்.

வட்டத்தைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டியவன், வழக்கம்போல இறங்கி, செருப்பை உதறிவிட்டு, வண்டியை இடுப்பில் சாய்த்துக்கொண்டேன். வலது கை தலைக்கு மேல் போயிற்று. இடது கை பாருக்கு மேலே வளைந்து நின்றது. சேவிக்க மாட்டேன் என்று வீம்பு பிடித்தவன் எனக்குத் தெரியாமலே சேவித்துக்கொண்டிருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த நடுவர், "ஏன் சார் இறங்கினீங்க? ஏறுங்க, ஏறுங்க" என்று கை காட்டினார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. வெட்கத்தோடு கையை இறக்கப் போனேன்.

"கையை எடுக்காதேங்கோ."

திரும்பினேன். தெருவே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. அலமேலு மாமி கோமளத்தையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோமளம் வந்தாள். அவள் கண் என்மேல் இல்லை. வளைந்திருந்த என் இடது கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"கையை எடுக்காதேங்கோ. குழந்தை விழுந்துடுவான்."

இதைச் சொன்னவள் அந்தத் துண்டின்மேல் கையை வைத்தாள். அங்கே யாரும் இல்லை. தடவிப் பார்த்தாள். இன்னொரு தரம் தடவினாள். பிறகு அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை எப்படிச் சொல்வேன்? ஆவணியிலிருந்து உள்ளே கிடந்ததெல்லாம் வந்தது. சேஷு, சேஷு என்று பாரின்மேல் தலையை வைத்து அழுதாள். சிரித்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பூக்காரி ஒருத்தி கூடவே அழுதாள். நான் கையை எடுக்கவில்லை. எனக்குப் பின்னால் புறப்பட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து வட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அழுது ஓய்ந்து, முந்தானையால் என் முகத்தைத்தான் முதலில் துடைத்தாள். "போயிட்டு வாங்கோ. உங்களுக்காக அங்கே காத்துண்டிருப்பா" என்றாள். ஆத்துக்கு வந்தால் சாப்பிடலாம் என்றும் சொன்னாள்.

நான் பாலக்கரை திரும்பியபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நேரம் பார்க்கிறவர்கள் போய்விட்டார்கள். ஜமால் பாய் மட்டும் வெயிலில் நின்றார். என் முகத்தைப் பார்த்து, விழுந்துட்டீங்களா சாமி என்று பதறினார். "இல்லை பாய். அவ அழுதுட்டா" என்றேன். அவர் அங்கேயே இரண்டு கையையும் ஏந்தி, கண்ணை மூடி, அவர் இறைவனுக்கு நன்றி சொன்னார். நடுரோட்டில் இரண்டு பேரும் நின்று அழுதோம்.

அடியார்களே, எங்கள் துக்கம் போய்விட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆவணி வந்தால் எங்கள் அகத்தில் இன்னும் அடுப்பு தாமதமாகத்தான் எரிகிறது. வேறு குழந்தையும் பிறக்கவில்லை. ஆனால் கோமளம் இருக்கிறாள். சாப்பிடுகிறாள், பேசுகிறாள், என்னோடு சண்டை போடுகிறாள். அன்று சாயங்காலமே இருவரும் உள்ளே போய்ப் பெருமாளைச் சேவித்தோம். கோபித்துக்கொண்ட அத்தனை மாதமும் அவர் என்னை விடவில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். என் வாய் மறுத்ததை என் கையைக்கொண்டு செய்வித்துக்கொண்டார். அந்தக் கையைக் காட்டித்தான் அவளையும் எனக்குத் திருப்பிக் கொடுத்தார்.

இன்றும் சைக்கிளில்தான் வருகிறேன். மொட்டைக் கோபுரத்தடியில் இறங்கி ஒற்றைக் கையால்தான் சேவிக்கிறேன். தெரியாதவர்கள் மரியாதை தெரியாதவன் என்று நினைக்கலாம், நினைக்கட்டும். உங்களில் யாராவது, எதையோ பறிகொடுத்துவிட்டு, கை கூப்ப மனம் வராமல் இருந்தால் உங்களுக்குத்தான் சொல்கிறேன். இழந்ததை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருங்கள், விட வேண்டாம். இன்னொரு கையைத் தூக்குங்கள். அவருக்கு அது போதும்.