ஹீட்டர் கழற்றுகிறவன்

யாங்கூனில் கார் ஹீட்டர் கழற்றுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஜப்பானிலிருந்து வரும் பழைய கார்களில், எஞ்சினின் சுடுதண்ணீரை உள்ளே இழுத்துக் காலடியில் அனல் வீசும் குட்டி ரேடியேட்டர் ஒன்று இருக்கும். இந்த ஊர் வெயிலுக்கு அது எதற்கு? கழற்றி, இரண்டு ஹோஸையும் ஒன்றாக இணைத்துவிட்டு, ஹீட்டரைப் பட்டறைக்குப் பின்னால் குவியலில் எறிந்துவிடுவேன்.

அதனால் கனடாவிலிருந்து என் தம்பி போனில் ஹீட்டர் கேட்டபோது சிரித்துவிட்டேன். படித்தவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மிங்கலாடோன் விமான நிலையத்தில் அவனை விமானம் ஏற்றிவிட்டவன் நான்தான். அங்கே போய், வீட்டுக் கொட்டகையில் இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றை ஆறு வருஷமாகத் தானே கட்டியிருந்தான். எஞ்சின், தண்ணீரில் குளிரும் கார் எஞ்சின். பறந்தது. ஆனால் மேலே போனதும் விரல் விறைத்து, எதையும் பிடிக்க முடியவில்லையாம். புகைக்குழாயைச் சுற்றித் தகரம் அடித்துக் காற்றைச் சூடாக்கலாம் என்றார்களாம் நண்பர்கள். குழாயில் கீறல் விட்டால் விஷப்புகை உள்ளே வருமே என்று இவனுக்குப் பயம். கடையில் கிடைத்த கார் ஹீட்டர்களோ கனம், இடத்திலும் அடங்கவில்லை. இந்தக் குளிர்காலத்துக்குள் சரியாகாவிட்டால் விமானத்தை விற்றுவிட வேண்டும் என்று அவன் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"அண்ணே, இதப் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தவரு நீங்கதான்" என்றான்.

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. குவியலைக் கிளறி, மூன்று ஹீட்டர்களின் செம்புக் குழாய்களை எடுத்து, அவன் சொன்ன அளவுக்கு நோட்டுப் புத்தகம் அத்தனை பெரிதாக ஒன்று கட்டி, மூட்டுகளை ஈயம் வைத்து அடைத்தேன். காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினால், ஒரு மூலையில் குமிழி. காருக்கென்றால் மேலே கொஞ்சம் ஈயம் பூசி அனுப்பியிருப்பேன், ஒளிப்பானேன்? ஆனால் ஆகாயத்தில் தம்பியின் காலில் சுடுதண்ணீர் கொட்டினால்? பிரித்துத் திரும்பக் கட்டினேன். மூன்றாவது தடவை ஒரு பகல் முழுக்கத் தொட்டியில் கிடந்தும் ஒரு குமிழி வரவில்லை. எஞ்சின் பக்கமே இரண்டு ஹோஸுக்கும் அடைப்பான் போடு, ஒழுகினால் அங்கேயே மூடிவிடு என்று எழுதி வைத்து, கனடா போகிற உறவினர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன்.

பிறகு காத்திருந்த நாட்களில் என்னிடம் யாரும் பேச முடியவில்லை. சோற்றில் கை வைத்தால் அந்த மூலைதான் கண்ணில் நின்றது. ஒருநாள் மத்தியானம் போன் வந்தது.

"வெளிய ஒரே பனிண்ணே. இவளும் கூட வந்தா. பாதி வழியில கையுறையக் கழட்டி மடியில வச்சுக்கிட்டா."

விமானத்தை விற்பதைப் பற்றி அவள் அப்புறம் வாயே திறக்கவில்லையாம்.

அன்று பட்டறைக்கு வந்த எல்லோரிடமும் சொன்னேன், நம்பாதவர்களிடம் இரண்டு தடவை. நான் இதுவரை விமானத்தில் கால் வைத்ததில்லை. ஆனால் நான் வைத்த ஈயம் மேலே பறந்துகொண்டிருக்கிறது. சாயங்காலம் ஒரு டாக்சிக்காரர் ஹீட்டரைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். குவியலில் எறிய மனம் வரவில்லை. கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தேன்.