சித்தியின் முகத்துக்கு ஒரு பரீட்சை

என் சித்தி வாயை மூடிக்கொண்டாலும் அவள் முகம் பேசும். அதுதான் பிரச்சினை. சின்ன வகுப்பு டீச்சராகப் பல வருஷம் இருந்துவிட்டு, நாற்பது வயதில் மருத்துவ உளவியல் மேற்படிப்பில் போய்ச் சேர்ந்தவள் அவள். பிள்ளைகளுக்கு நுண்ணறிவுச் சோதனை நடத்த அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள். புத்தகத்தில் இருப்பது போலவே கேள்வி கேட்க வேண்டும். பதில் சரியா தப்பா என்று வாயாலும் காட்டக் கூடாது, புருவத்தாலும் காட்டக் கூடாது. காட்டினால் பிள்ளை முகத்தைப் பார்த்தே பதிலை மாற்றிவிடும், மதிப்பெண் பொய்யாகிவிடும்.

சித்தியோ சரியான பதிலுக்கு, "சபாஷ்டா கண்ணா!" என்பாள். தப்பான பதில் வந்தால் கண்ணாலேயே விடையை எடுத்துக் கொடுப்பாள். பேராசிரியை இரண்டு தடவை ஃபெயில் போட்டுவிட்டார். இன்னொரு தடவையும் போனால் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு அனுப்ப மாட்டார்கள். படிப்பு அதோடு சரி.

பழகிப் பார்க்க ஆள் வேண்டுமே. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டதால், வீட்டில் நான்தான் சும்மா கிடந்தேன். சாப்பாட்டு மேசையில் என்னை எதிரே உட்காரவைத்துக் கேட்பாள்.

"தெருவுல ஒரு குழந்தை தனியா அழுதுட்டு நின்னா என்ன செய்வே?"

"நானும் கூட நின்னு அழுவேன். ரெண்டு பேருக்கும் யாராவது மிட்டாய் வாங்கித் தருவாங்க."

சித்தி உதட்டைக் கடிப்பாள். "அடியே, ஒழுங்கா சொல்லித் தொலையேண்டி!"

"திட்டிட்டே. ஃபெயில்."

சித்தப்பா பாடு அதைவிடக் கஷ்டம். "இன்னிக்கு என் சமையல் எப்படி?" என்று ஒரு நாள் ஆசையாகக் கேட்டார். சித்தி கல்லு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "நீங்க நல்லா முயற்சி பண்றீங்க," என்றாள். பிள்ளைகளிடம் சொல்ல அனுமதி உள்ள ஒரே பாராட்டு அதுதானாம். மனுஷன் அன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

பரீட்சை அன்று, சித்தி சோதிக்க வேண்டிய பையனுக்குக் காய்ச்சல். சித்தி போன் போட்டாள். நான் கல்லூரிக்கு ஓடினேன்.

"மேடம், இவளுக்கு எல்லாமே மனப்பாடம். இவ ஸ்கோர் செல்லாது," என்று முதலிலேயே உடைத்துச் சொல்லிவிட்டாள் சித்தி.

"ஸ்கோரைத் தூக்கிப் போடுங்க. நான் பார்க்கப்போறது உங்களைத்தான்," என்ற பேராசிரியை, அந்தப் பக்கமிருந்து மட்டும் பார்க்க முடிகிற ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

அன்றைக்காவது குறும்பு வேண்டாம் என்று நினைத்தேன். அதுதான் வினையாகிவிட்டது. அழும் குழந்தைக் கேள்வி வந்தது.

"பக்கத்துல உட்காந்து, நீ யாரைத் தேடுறேன்னு கேப்பேன். அவங்க வர்ற வரைக்கும் கூடவே இருப்பேன்."

என் கிறுக்குத்தனத்துக்குப் பழகி வைத்திருந்த முகம் இதற்குப் பழகவில்லை. சித்தியின் புருவம் ஏறப் பார்த்தது. கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. போச்சு, என்னால்தான் போச்சு என்று நினைத்தேன். அவள் குனிந்து, நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதினாள். நிமிர்ந்தபோது முகம் எதுவும் எழுதாத வெள்ளைத் தாளாக இருந்தது.

"சரி. அடுத்த கேள்விக்குப் போகலாம்."

கடைசிவரை அப்படியே இருந்தாள். பேராசிரியை வெளியே வந்து, "முகம் பாஸ். காது ரெண்டும் சிவந்துபோச்சு, ஆனா அதுக்கு விதி எதுவும் இல்ல. திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போங்க," என்றார்.

வராந்தாவுக்கு வந்ததும் சித்தி என் கையைப் பிடித்தாள்.

"நிஜமாவே அப்படிச் செய்வியாடி? இல்ல, எனக்காகச் சொன்னியா?"

"புத்தகத்துல இல்லாத கேள்வி. பதில் கிடையாது."

சித்தி சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.