நிலம் தொடாத கால்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். எழுபதுகளில் மெல்பேர்ணில், எங்கள் மாடி வீட்டு வாசலில் வைத்து ஒரு ராசாவையே அதட்டியவன் நான்.

என்னோடு படித்த கானா நாட்டு நண்பன் எங்கள் குசினியில் அடுப்பருகே இருந்துகொண்டு தன் ஊர்க்கதை சொல்லுவான். காட்டோரத்துச் சந்தை ஊராம். சந்தை நாளில் இராசவள்ளிக் கிழங்கும் புகையில் வாட்டிய மீனும் குவிந்து கிடக்குமாம். பெண்கள் போடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காதாம். ஆனால் முரசு ஒலித்து, பெரிய குடையின் கீழ் தலைவர் வெளியே வந்தால் அத்தனை பேரும் கப்சிப். "பெடியன் நல்லா அளக்கிறான்" என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன்.

ஒரு குளிர்காலத்தில் அந்தத் தலைவரே வந்தார். பண்ணைகளைப் பார்க்க வந்த அரசாங்க விருந்தாளி, நண்பனுக்குத் தாய்மாமன். ஊர்ப் பெரியவர்கள் இருவரோடு அவரை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்தான். அம்மாடி, என்ன தோற்றம்! ஒரு தோளில் பலவண்ணத் துணி, கால்களில் தடித்த கறுப்புச் செருப்பு. அந்தச் செருப்போடு உள்ளே வரப் பார்த்தார்.

"யாராயிருந்தாலும் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். உள்ளே சாமிப்படம் இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சீறிவிட்டேன்.

நண்பன் பதறிப்போனான். அவருடைய வெறுங்கால் நிலத்தில் பட்டால் ஊருக்கே கேடாம். அவரைப் பதவியிலிருந்து இறக்க வேண்டுமென்றால் ஊரார் செய்வதே செருப்பைக் கழற்றுவதுதானாம். பெரியவர்கள் இருவரும் அவர் கால்களையே பார்த்தபடி நின்றார்கள்.

தலைவர் அவனிடம் மெதுவாக ஏதோ சொன்னார். "இந்த வீட்டுக்கும் ஒரு தலைவர் இருக்கிறார், அவருடைய சட்டத்தை மீறமாட்டேன், வெளியிலேயே சாப்பிடுகிறேன் என்கிறார்" என்றான் நண்பன்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மனைவிதான் பாய்ந்து வந்தாள்.

"உங்கட வாய் இருக்கே! ஒரு ராசாவைக் குளிருக்க நிப்பாட்டிப்போட்டியள். ஊரில இருக்கிற மாமாவுக்கு அனுப்ப வாங்கின புதுச் செருப்பு கிடக்கெல்லே? ரோட்டை மிதிக்காத செருப்பு. அதைப் போட்டுக்கொண்டு உள்ள வரட்டும்."

பெரியவர்கள் கலந்து பேசித் தலையாட்டினார்கள். ஆனால் பழையதை யார் கழற்றுவது? ஊரார் கை வைத்தாலும், அவரே கழற்றினாலும் பதவி போய்விடுமாம். வெளியாள்தான் கழற்ற வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வாசலில் கதிரை போட்டு அவரை இருத்தினோம். நான் முழங்காலிட்டு, செருப்பை உருவி, அந்தப் பாதத்தை உள்ளங்கையில் தாங்கினேன். நண்பன் அளக்கவில்லை. என் கை வழுக்கினால் எங்கோ ஒரு சந்தை ஊர் தலைவனை இழந்துவிடும்.

நிமிர்ந்து பார்த்தேன். முகத்தில் ஒரு சலனமுமில்லை, அப்படியொரு கம்பீரம். கால் மட்டும் என் கைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது.