குணராசா அண்ணை குடித்த சோடா

போன கிழமை அக்காவின் மகள் அமெரிக்காவிலிருந்து பேசினாள். அங்கே சனாதிபதித் தேர்தலுக்கு முன்னால், யாரை நிறுத்துவது என்று கட்சிக்குள்ளேயே மாநிலம் மாநிலமாக ஒரு வாக்கெடுப்பு வைக்கிறார்கள். அவள் ஒரு கறுப்பின வேட்பாளருக்காகக் குளிருக்குள் வீடு வீடாகக் கதவு தட்டியவள். கருத்துக்கணிப்புகளில் முன்னுக்கு நின்ற மனிதர், வாக்கு எண்ணும்போது பின்னுக்குப் போய்விட்டார்.

"கதவைத் திறந்த ஆக்கள் எல்லாரும் நல்லாத்தான் கதைச்சவை, மாமா. ஒரு மனுசி தண்ணிப் போத்தலும் தந்தவா. 'எனக்கு ஒண்டுமில்லை, மற்ற ஆக்கள்தான் கறுப்பருக்குப் போடமாட்டினம்' எண்டு சொன்னவா. எல்லா வீட்டிலையும் உதே கதைதான். அப்ப அந்த மற்ற ஆக்கள் ஆர், மாமா?"

எனக்கு எங்கள் பிரதேச சபையின் அரசியலே ஒழுங்காகப் பிடிபடாது, அமெரிக்காவைப் பற்றி என்ன சொல்ல? ஆனால் அந்த மற்ற ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். அவளிடம் சாப்பிட்டியோ என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். உங்களிடம் சொல்கிறேன்.

போத்தல் என்று யாராவது சொன்னால் என் மூக்கில் ஏறுவது கிறீம் சோடாவின் வாசம்தான். அப்போது நான் பட்டப்படிப்பு முடித்து, வேலை கிடைக்காமல், எங்கள் தீவில் ரியூசன் நடத்திக்கொண்டிருந்தேன். பிரதேச சபைத் தேர்தல் வந்தது. எங்கள் வட்டாரத்துக்கு ஆளைத் தெரிவு செய்யுமுன், கடலுக்கு அந்தப் பக்கம் ஊர்காவற்றுறையில் இருந்த கட்சிக் கிளைக்காரர் சனத்தின் மனதை அறிய ஆசைப்பட்டார்கள். பட்டதாரி என்ற ஒரே தகுதியில் என்னைப் பிடித்துக் கையில் ஒரு கொப்பியைத் தந்தார்கள். நானும் பெரிய ஆய்வாளன் மாதிரி 'உறுதி', 'பார்ப்போம்', 'இல்லை' என்று மூன்று கோடு கிழித்து வைத்துக்கொண்டேன்.

நிற்க விரும்பியவர் குணராசா அண்ணை. முப்பது வருடம் எங்கள் தீவில் தபாற்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். யாருடைய பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறது, யாருக்குக் கடிதம் நின்றுபோனது எல்லாம் அவருக்கு மனப்பாடம். அவருடைய தெரு தெற்குக் கரையில் இருந்தது. தண்ணீர் ஏற்றிவரும் பவுசர் லொறி அங்கே போவதில்லை, சந்தியோடு திரும்பிவிடும். பெண்கள் குடத்தோடு சந்திக்கு நடந்து வருவார்கள். பவுசரைத் தன் தெருவுக்குள் கொண்டுவர வேண்டும், அதுதான் அவர் ஆசை. சாதியில் எங்கள் ஆட்கள் அவரை ஒரு படி கீழே வைத்திருந்தார்கள். முப்பது வருடமும் அவர் படலையோடு நின்று கடிதம் கொடுத்தவர், உள்ளே வந்ததில்லை.

இப்போது வாக்குக் கேட்க உள்ளே வரவேண்டியிருந்தது. நானும் கூடப் போனேன். எல்லா வீட்டிலும் கதிரை போட்டார்கள், சிரித்தார்கள். தங்களுக்கு ஒன்றுமில்லை, மற்ற ஆட்கள்தான் போடமாட்டார்கள் என்று திரும்பும்போது என் காதுக்குள் மட்டும் சொல்லிவிடுவார்கள். எனக்குத் தேத்தண்ணி வரும். அவருக்கு மட்டும் கடைக்கு ஆளனுப்பிச் சோடா வாங்கி, போத்தலோடு, குழாய் போட்டுக் கொடுப்பார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. இவ்வளவு மரியாதை செய்கிறவர்கள் வாக்குப் போடாமல் விடுவார்களா என்று சோடா தந்த வீட்டையெல்லாம் 'உறுதி' என்ற கோட்டுக்குள் எழுதினேன். படித்த முட்டாள் என்று வீட்டில் ஏசுவது சும்மா இல்லை.

பள்ளிக்கூடத்தடியில் ஓர் அக்கா. அவருடைய மகன் சண்டைக் காலத்தில் பிரான்சுக்குப் போய், ஒரு வருடமாகத் தகவலே இல்லாமல் இருந்து, பிறகு வந்த முதல் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் குணராசா அண்ணை. அதைச் சொல்லி அந்த அக்கா கண்ணைத் துடைத்தா. பிறகு எனக்குத் தேத்தண்ணியும் அவருக்குச் சோடாவும் வந்தன. அது அன்றைக்கு அவருக்கு ஆறாவது போத்தல். அவருக்குச் சீனி வருத்தம் இருப்பது எனக்குத் தெரியும்.

"அக்கா, அண்ணைக்குச் சீனி வருத்தம். சீனி போடாமல் வெறுந்தேத்தண்ணி குடுங்கோவன்," என்றேன்.

அக்காவின் முகம் செத்துப்போனது. குசினிப் பக்கம் பார்த்தா. "தேயிலை முடிஞ்சு போச்சு, தம்பி," என்றா. என் கையில் இருந்த கிளாசில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"பரவாயில்லைப் பிள்ளை, இந்த வெயிலுக்குச் சோடாதான் நல்லம்," என்று சொல்லி அவர் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து முடித்தார்.

படலையைச் சாத்திவிட்டு வெளியே வந்தோம். பிறகு சொன்னார்: "இனி ஒரு வீட்டிலையும் எனக்குத் தேத்தண்ணி கேட்காதையும், தம்பி. கேட்டா அவை இல்லையெண்டு சொல்லவேண்டி வரும். வெட்கப்பட்ட சனம் பிறகு வோட்டுப் போடாது."

பின்னேரம் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு யோசித்தேன். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்த வீடுகள் அவருடைய தெருவில் மட்டும்தான் இருந்தன. மற்ற வீடுகளில், கிளாசில் அவர் வாய் படாமல் இருக்கத்தான் போத்தல். எங்கள் வீட்டுக்கும் அவர் வந்திருந்தார். அம்மா காசு தந்தா, ஓடிப்போய்ச் சோடா வாங்கி வந்தவன் நான். மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, பெருமையாக நீட்டியவனும் நான்தான்.

அடுத்த கிழமை ஊர்காவற்றுறையில் கூட்டம். குணராசா அண்ணை வெளியே கிடந்த மர வாங்கில் இருந்தார். உள்ளே தலைவர் கேட்டார்: "சனம் என்ன சொல்லுது, தம்பி?"

"தங்களுக்கு ஒண்டுமில்லை எண்டுதான் எல்லாரும் சொல்லினம், ஐயா. மற்ற ஆக்கள்தான் போடமாட்டினமாம்."

"அப்ப, சனம் ஏற்காது எண்டு சொல்லுறீர். எங்களுக்கும் ஒண்டுமில்லை. ஆனா வெல்லவேணுமே."

ஐந்து நிமிடத்தில் எங்கள் ஆட்களில் ஒருவருடைய பெயரை எழுதிக்கொண்டார்கள். ஒரு வீடுகூட இல்லையென்று சொல்லவில்லை என்பதை நான் கொப்பியை விரித்துக் காட்டியிருக்கலாம். பையைத் திறக்கவில்லை. அந்த மனிதர் இனிமேல் சோடா குடிக்கத் தேவையில்லை, நல்லதுக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். சோடாவைப் பற்றிப் பேசப் போனால் எங்கள் வீட்டுச் சோடாவையும் சொல்லவேண்டி வரும், அந்த வெட்கம்தான்.

திரும்பும் படகில் அவர் எழுவைதீவுப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"ஒரு வீடும் இல்லையெண்டு சொல்லேல்லை, என்ன தம்பி?"

"சொல்லேல்லை, அண்ணை."

"அதை அவையிட்டைச் சொன்னனீரோ?"

இறங்குதுறை வந்திட்டுது என்று சொல்லி நான் முதல் ஆளாக எழும்பினேன். அவர் திரும்பக் கேட்கவில்லை.

கொஞ்சக் காலத்தில் அவர் வவுனியாவுக்கு மகளோடு போய்விட்டார். அங்கேயே செத்தும் போனார். செத்த வீட்டுக்கு நான் போகவில்லை, போக முகம் இல்லை. தெற்குத் தெருவில் இப்போது பாதி வீடு பூட்டு. பவுசர் இன்னும் சந்தியோடுதான் திரும்புகிறது.

கடைசியாக வந்த தேர்தலில் கட்சிக்காரர் மாறிவிட்டார்கள். இளம் ஆட்கள், நல்ல பிள்ளைகள். எங்களுக்கு எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் வேண்டும் என்று மெய்யாகவே நினைத்தவர்கள். என்னையும் கூட்டிக்கொண்டு தெற்குத் தெருவுக்குப் போனார்கள். ஒரு மனுசி முற்றத்தில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தா. உங்கடை பக்கத்திலிருந்து யாராவது நில்லுங்கோ, நாங்கள் வெல்ல வைப்பம் என்று பிள்ளைகள் கெஞ்சினார்கள்.

மனுசி கத்தியை நிறுத்தவில்லை.

"எங்கடை தெருவிலை, நிக்கிறன் எண்டு உங்களிட்டைக் கேக்கிற மனுசன் ஒராள்தான் இருந்தவர், தம்பிமார்," என்றா. "அவர் போயிட்டார்."