குலம் மாறிய ரூகாட்டோ

எங்கள் பக்கத்தில் ஒருவன் தேவாலயத்தை மாற்றுவான், பெண்டாட்டியை மாற்றுவான், தேர்தலுக்குத் தேர்தல் கட்சிச் சட்டையை மாற்றுவான். குலத்தை மாற்றிக்கொண்டவன் என்று நான் பார்த்தது ஒருவனைத்தான். அவன் பெயர் ரூகாட்டோ. வெளிநாட்டுக்காரர்கள் காசு கட்டி வந்து சுடுகிற, அங்வா ஆற்றை ஒட்டிய வேட்டை முகாமில் விலங்குத் தடம் பார்க்கும் வேலை அவனுக்கு. எனக்கும் அதே முகாமில் அதே வேலை.

அவன் அப்பா காட்டில் தேன் எடுத்துப் பிழைத்தவர். சோக்கோ குலம், அதாவது குரங்கு. அவர் செத்தபோது குழியைச் சுற்றி நின்று, "போய் வாரும் சோக்கோ" என்று ஊரே சொல்லி மண் தள்ளியது. ரூகாட்டோவும் சொன்னான். சத்தமாகவே சொன்னான். எதைச் சொன்னாலும் அவன் சத்தமாகத்தான் சொல்வான்.

திறந்த வெளியில் அவன் வேலையில் குறை சொல்ல முடியாது. மோப்பானே மரங்களுக்கு நடுவே காய்ந்த தரையைக் காட்டி, "கிழடு ஒண்ணு. இடது முன்னங்கால இழுத்து நடக்குது. விடியறதுக்கு முன்னால தண்ணி குடிச்சிருக்கு" என்பான். சரியாக இருக்கும். அதோடு விட்டால் பரவாயில்லை. தொப்பியில் கினிக்கோழி இறகு செருகியிருப்பான். வெளிநாட்டு விருந்தாளி கேமராவை எடுத்த உடனே ஒரு முழங்காலை ஊன்றி, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துத் தூரத்தைப் பார்ப்பான். தூரத்தில் ஒன்றும் இருக்காது.

எங்கள் முகாமுக்குத் தெற்கே ஜெஸ்ஸி புதர்க்காடு. முன்னால் நடப்பவனின் முதுகு ஐந்தடியில் மறைந்துவிடும் அளவுக்கு அடர்த்தி. மந்தையிலிருந்து ஒதுக்கப்பட்ட கிழட்டுக் காட்டெருமைகள் உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டு அதற்குள் போய்ப் படுத்துக்கிடக்கும். மயிர் உதிர்ந்து, காது கிழிந்து, யாரைக் கண்டாலும் எரிச்சல்படும் பிராணிகள். அடுத்த வறட்சியில் தானாகச் சாகப்போகிற கிழடு ஒன்றைக் கொல்வதற்குத்தான் கடல் கடந்து ஆள் வருகிறார்கள். அதுவும் தூரத்திலிருந்து சுட்டால் அவர்களுக்குத் திருப்தி கிடையாதாம். அதன் மூச்சு கேட்கும் தூரத்துக்குப் போக வேண்டுமாம். போகட்டும். பிரச்சினை என்னவென்றால் அவர்களுக்கு முன்னால் எங்களில் ஒருவன் போக வேண்டும்.

ஒரு வருடம் லாசரோ என்ற பெரியவர் அப்படி முன்னால் போனார். கொம்பு தொடையில் ஏறியது. உயிர் பிழைத்தார், ஆனால் இன்றைக்கும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவார். அவரைத் தூக்கி வந்தவர்களில் ரூகாட்டோவும் ஒருவன். அந்த மழைக்காலத்தில் எல்லை தாண்டி அவன் சித்தப்பா ஊருக்குப் போனான். திரும்பி வரும்போது அவன் குலம் மாறியிருந்தது.

"சித்தப்பா விசாரிச்சுச் சொல்லிட்டாரு. எங்க தாத்தாவுக்குத் தாத்தா சண்டைக் காலத்துல ஒளிஞ்சு வாழ்றப்ப பேர மாத்திக்கிட்டாராம். உண்மையில நாங்க நியாத்தி" என்றான்.

நியாத்தி என்றால் காட்டெருமைக் குலம். எங்களில் யாரும் தன் குலத்து விலங்கைத் தின்ன மாட்டான். தின்றால் பல் கொட்டும். பிள்ளைக்கு அப்பன் குலம். இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை, நடக்கப் பழகும்போதே வந்துவிடும்.

முகாம் நடத்துபவர் ஃபெரெய்ரா. இங்கேயே பிறந்த வெள்ளைக்காரர், எங்கள் பேச்சு நன்றாகவே வரும். எங்கள் வழக்கம் எதைச் சொன்னாலும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொள்கிற ஆள். ரூகாட்டோ அவரிடம் போய் நின்றான்.

"அய்யா, அது எங்க தாத்தா மாதிரி. வெளியில எங்க வேணாலும் தடம் காட்டுறேன். பொதருக்குள்ள போயி தாத்தா மூஞ்சிக்கு நேரா நிக்கச் சொல்லாதீங்க. பாவம் புடிச்சிரும்."

ஃபெரெய்ரா தொப்பியைக் கழற்றினார். அன்றிலிருந்து ரூகாட்டோ புதரின் ஓரம் வரை வருவான், மரநிழல் பார்த்து உட்காருவான். உள்ளே முன்னால் போகும் வேலை எனக்கு வந்தது. என் குலம் சிங்கம். சிங்கத்தைத் தின்னாமல் இருப்பதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை, அதனால் எனக்கு எந்தச் சலுகையும் இல்லை.

ஊர் சும்மா இருக்குமா. வழியில் அவனைப் பார்த்தால் பெரியவர்கள்கூடக் கைதட்டிக் குனிந்து, "சுகமா இருக்கீங்களா நியாத்தி?" என்பார்கள். அவனும் வெட்கமில்லாமல் தலையாட்டுவான். கேலி ஒரு பக்கம் என்றால், கறி இன்னொரு பக்கம். விருந்தாளி கொம்பை எடுத்துக்கொள்வான். எருமைக் கறி லாரியில் ஊருக்கு வரும். ஊர்த் தலைவர் சிரெங்கா, மரத்தடியில் நின்று வீடு வீடாகப் பங்கு பிரிப்பார். ரூகாட்டோ வீட்டுப் பெயர் வரும்போது, "நியாத்தி வீட்டுக்கு இதக் கொண்டுபோயி அவமரியாதை பண்ணக் கூடாது" என்று தாண்டிவிடுவார். நாலு பிள்ளைகளும் பக்கத்து வீட்டுப் பானையை மோந்துகொண்டு கீரையும் சட்ஸா களியும் தின்றன.

அப்பன் என்ன செய்தான்? முகாமில் எருமை உப்புக்கண்டம் காயும் கொடிக்குப் பின்னால் போய்த் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவான். நான் பார்த்தேன். சமையல்காரனும் பார்த்தான். அவன் பெண்டாட்டி எஸ்னாத்தின் காதுக்கு அது போனதில் ஆச்சரியம் இல்லை.

அவன் குலம் மாறிய மூன்றாவது வருடம் மழை பொய்த்தது. சோளம் முழங்கால் உயரத்தில் கருகியது. அந்த அக்டோபரில் கறி வந்த ஒரு நாள், எஸ்னாத் நாலு பிள்ளைகளையும் நடத்திக்கொண்டு, கையில் தட்டோடு மரத்தடிக்கு வந்தாள். முறைப்படி மண்டியிட்டுக் கைதட்டினாள்.

"தலைவரே, என் பிள்ளைங்களுக்குப் பங்கு வேணும்."

"நியாத்தி பிள்ளைங்களுக்கா? உம் புருஷன் என்னைய சும்மா விடுவானா தாயி" என்றார் சிரெங்கா. கூட்டம் சிரித்தது.

"எம் புருஷன் நியாத்தின்னு அவரு சொல்றாரு. நான் மறுக்கல. ஆனா என் பிள்ளைங்க நாலும் சோக்கோ."

"அதெப்படி? பிள்ளைக்கு அப்பன் குலம்தான."

"அதத்தான் நானும் சொல்றேன். இவரு நியாத்தின்னா என் பிள்ளைங்களுக்கு இவரு அப்பன் இல்ல. எவனோ ஒரு சோக்கோ. இந்த ஊர்ல அந்தக் குலத்து ஆம்பளைங்க நிறைய இருக்காங்க, கேட்டுப் பாருங்க."

பின்னால் நின்ற ஒரு கிழவர், "நான் இல்ல தாயி. எனக்கு இடுப்பு வலி வந்து வருசக்கணக்கா ஆச்சு" என்றார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

லாரிக்குப் பின்னாலிருந்து ரூகாட்டோ வந்தான். "வாய மூடுடி."

"நீங்க வாயத் திறங்க" என்றாள் அவள். "குலத்தத் தின்னா பல்லு கொட்டும்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தவரு. முகாம்ல எவ்வளவு உப்புக்கண்டம் தின்னிருப்பாரு. ஒரு பல்லாவது ஆடுதா, பாருங்க எல்லாரும்."

அவன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான்.

சிரெங்கா கத்தியைக் கீழே வைத்தார். "ரூகாட்டோ, ஊர் முன்னால கேக்குறேன். இந்தப் பிள்ளைங்க உன்னோடதா, இல்லையா?"

அவன் என்னைப் பார்த்தான். லாரியின் மேல் சாய்ந்து நின்ற ஃபெரெய்ராவைப் பார்த்தான். நியாத்தி என்றால் பிள்ளைகள் போயிற்று. எஸ்னாத் அன்றைக்கே நாலையும் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். தடுக்க எவனுக்கும் வாயில்லை. நாளைக்கு அவன் செத்தால் குழியோரம் நின்று அப்பா என்று சொல்ல ஒரு வாய் இருக்காது. சோக்கோ என்றால் புதர் காத்திருந்தது.

"சோக்கோ" என்றான் தரையைப் பார்த்து.

"சத்தமா சொல்லுப்பா. எப்பவும் சத்தமாத்தான பேசுவ."

"நான் சோக்கோ."

சிரெங்கா பிள்ளைகளின் தட்டில் கறியை வைத்தார். "இவங்க திங்கட்டும். வாயால குலம் மாறுறவன் சாயங்காலத்துக்குள்ள திரும்பவும் மாறுவான். நீ பொதருக்குள்ள முன்னால போயி ஒரு கிழட்ட வெளிய கொண்டாந்தேன்னா நான் உன் கையில பங்கு குடுக்குறேன். அன்னைக்கு நீ இவங்களுக்கு அப்பன். அதுவரைக்கும் எஸ்னாத்து மூட்டை கட்டினா நான் தடுக்க மாட்டேன்."

"கட்டியே வெச்சிருக்கேன்" என்றாள் எஸ்னாத்.

ஃபெரெய்ரா தொப்பியை எடுத்துத் தலையில் அழுத்தி வைத்துக்கொண்டார். "அடுத்த வேட்டையில முன்னால போறது நீதான்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வேட்டைக்கு வந்தவர் ஸ்பெயினில் ஓட்டுச் சூளை வைத்திருப்பவர். பெரிய தொந்தி, புதுத் துப்பாக்கி, நிமிடத்துக்கு ஒரு தரம் தண்ணீர். காலையில் குட்டையோரம் ஒரு கிழட்டின் தடம் கிடைத்தது. சாணம் இன்னும் ஈரம். தடம் நேராக ஜெஸ்ஸிக்குள் போனது. ரூகாட்டோ ஓரத்தில் நின்றான், பழக்கதோஷத்தில் நிழல் இருக்கிறதா என்று பார்த்தான்.

"போ சோக்கோ" என்றேன்.

முன்னால் அவன், பின்னால் ஃபெரெய்ரா, அப்புறம் ஸ்பெயின்காரர், கடைசியில் நான். காற்றுத் திசை தெரியச் சாம்பல் பையைத் தட்டிப் பார்த்தோம். காற்று எங்கள் முகத்துக்கு வந்தது, நல்லது. குனிந்து, ஊர்ந்து, முள்ளை விலக்கி நடந்தோம். வெக்கையில் வண்டுகூடக் கத்தவில்லை. நெடுநேரம் கழித்து, முன்னால் ஒரு குருவி சீறியது. எருமை முதுகில் உண்ணி பொறுக்குகிற குருவி. அது சீறினால் அதற்குக் கீழே எருமை இருக்கிறது என்று அர்த்தம். ரூகாட்டோ ஒரு நொடி நின்றான். அவன் பார்த்துவிட்டான். அவன் கழுத்து நரம்பு நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்தது.

கையைத் தூக்கி எங்களை நிறுத்தியிருக்க வேண்டும். அவன் என்ன செய்தான் தெரியுமா? தரையைப் பார்ப்பதுபோலப் பாசாங்கு செய்து, வலது பக்கம் திரும்பி நடந்தான். இல்லாத தடத்தை விரலால் காட்டிக்கொண்டே நடந்தான். பிள்ளைகளுக்காகப் புதருக்குள் வந்தவன், எருமைக்கு முதுகைக் காட்டி எங்களை ஊரைச் சுற்ற வைக்கப் பார்த்தான்.

நான் நாக்கைச் சொடுக்கினேன். ஃபெரெய்ரா திரும்பினார். இடது பக்கம் குழிந்து கிடந்த குளம்புத் தடத்தைக் காட்டினேன். அவர் ரூகாட்டோவைப் பார்த்த பார்வையில் முகாம் வேலையும் போயிருக்கும். ஆனால் அதற்குள் நாங்கள் பாதி வட்டம் சுற்றியிருந்தோம். காற்று இப்போது எங்கள் முதுகிலிருந்து அதன் மூக்குக்குப் போய்க்கொண்டிருந்தது.

புதர் உடைந்தது. வேறு சத்தம் இல்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு, காய்ந்த சேறு உதிர, அது நேராக வந்தது. முதலில் நின்றவன் ரூகாட்டோ. ஓட வழியில்லை, பின்னால் மூன்று பேர். அவன் குந்திவிட்டான். சந்தையில் தக்காளி விற்கிறவள் மாதிரி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான். அவன் தலைக்கு மேலே ஃபெரெய்ரா சுட்டார். ஸ்பெயின்காரரும் சுட்டார், அது எதிலோ பட்டது. எருமை முன்னங்கால் மடங்கி, தாடையால் மண்ணை உழுதுகொண்டு வந்து, ரூகாட்டோவின் காலின் மேல் மூஞ்சியைப் போட்டு நின்றது. அதன் கடைசி மூச்சு சளியும் ரத்தமுமாக அவன் முகத்தில் அடித்தது. அதன் பிறகும் அது அவனையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது, அல்லது கண் அப்படித் திறந்து கிடந்தது.

காலை இழுத்து எடுக்க நாங்கள் மூன்று பேர் தேவைப்பட்டோம். கால் நன்றாகவே இருந்தது. கால்சட்டைதான் நன்றாக இல்லை.

ஸ்பெயின்காரர் அழுதுகொண்டே அவனைக் கட்டிப்பிடித்தார். குண்டு போக வழி விட்டுக் கொம்புக்கு முன்னால் உட்கார்ந்த வீரன் என்று தனக்குள் தீர்மானித்துவிட்டார். ஃபெரெய்ரா அவரைத் திருத்தவில்லை. வலது பக்கம் திரும்பியதைப் பற்றி நானும் ஊரில் வாயைத் திறக்கவில்லை. அவன்மேல் இரக்கம் என்று நினைக்க வேண்டாம்; எஸ்னாத் மூட்டை கட்டி வைத்திருந்தாள், சின்னதுக்கு இன்னும் பால் மறக்கவில்லை.

லாரி ஊருக்கு வந்து சேர்வதற்குள் ரூகாட்டோவுக்குப் பேச்சு வந்துவிட்டது. "நான்தான் உக்காந்தேன். அய்யாவுக்குக் குறி மறைக்குமேன்னு" என்று இறங்குமுன்பே ஆரம்பித்தான். சிரெங்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மரத்தடியில் முதல் பங்கை வெட்டி அவன் இரண்டு கையிலும் வைத்து, "சோக்கோ வீட்டுக்கு" என்றார். பிள்ளைகள் அவன் பின்னால் ஓடின.

கிழட்டு எருமைக் கறி சுலபத்தில் வேகாது. எஸ்னாத் மறுநாள் சாயங்காலம் வரை அடுப்பில் வைத்திருந்தாள். ஊரில் பாதி அவன் முற்றத்தில்தான் நின்றது. சோக்கோ எருமைக் கறி தின்பதைப் பார்க்காமல் யாருக்கும் வீட்டுக்குப் போக மனசில்லை. அவன் பாயில் சம்மணமிட்டு, களியை உருட்டி, ஒரு துண்டைத் தொட்டு எடுத்து வாயில் போட்டான்.

மென்றான். மென்றுகொண்டே இருந்தான். தொண்டை மேலும் கீழும் போனது, கறி போகவில்லை. கொடிக்குப் பின்னால் கட்டுக்கட்டாக உப்புக்கண்டம் தின்றவனுக்கு இந்த ஒரு துண்டு இறங்கவில்லை. தட்டைப் பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான், கையால் கன்னத்தைத் துடைத்தான், எருமை மூச்சின் சளியும் ரத்தமும் இன்னும் அங்கே ஒட்டியிருப்பதுபோல. நெற்றியில் வேர்வை. துப்பினால் அவன் நியாத்தி. கூட்டத்தில் ஒருவரும் இப்போது சிரிக்கவில்லை.

எஸ்னாத் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பிள்ளைங்க பாக்குது" என்றாள், மெதுவாக. "முழுங்குங்க."

முழுங்கினான். கண்ணில் தண்ணீர் நின்றது.

"காரம் ஜாஸ்தி" என்றான் எங்களைப் பார்த்து.

அவள் உப்பு மட்டும்தான் போட்டிருந்தாள். தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.